மாரி மாமன்

சிவசங்கரி புருஷனோடு கோபித்துக்கொண்டு கிளம்பினால் என் டீக்கடை வரைக்கும்தான் வருவாள். ஜமுனாமரத்தூர் பஸ் நிற்பது என் கடை வாசலில். பையை வைத்துவிட்டு உட்காருவாள். பஸ் வரும், போகும். ஏறமாட்டாள். ஏறி எங்கே போவாள்? அப்பா அம்மா இல்லை, கூடப்பிறந்தவர்களும் இல்லை. கொஞ்ச நேரத்தில் அவள் புருஷன் சின்னராஜ் பல்லைக் காட்டிக்கொண்டு வருவான்.

"இன்னாடி, பஸ்ஸ வுட்டுட்டியா?"

அந்த இளிப்பைப் பார்த்தால் கொதிக்கிற பாலை அவன் தலையில் கவிழ்க்கலாமா என்றிருக்கும் எனக்கு.

இவர்கள் மகள் பூஜாவுக்குக் காதுகுத்து வந்தது. பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே காது குத்த வேண்டும்? சின்னராஜின் தங்கச்சி வசந்தி வழி சொன்னாள். "எங்க வூட்டுக்காரரு மடியில வெச்சிக்கலாம் அண்ணி. பாவம், உனக்குத்தான் யாருமில்லியே!"

அந்தப் 'பாவம்' இருக்கிறதே, அதற்குப் பதில் இரண்டு அறை விட்டிருக்கலாம். சிவசங்கரி அன்று சோறு தின்னவில்லை.

அந்தச் சமயம் அங்கன்வாடிக்குச் சுவர் கட்ட வெளிநாட்டுப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். கல் சுமக்க இத்தனை தூரம் பிளேன் ஏறி வருவார்களா என்று ஊரே வாயைப் பிளந்தது. அவர்களுக்குச் சமைத்துப் போட்டவள் சிவசங்கரி. அதில் ஒரு செம்பட்டைத் தலையன், ஸ்காட்லாந்துக்காரன், பெயர் முரே. எங்கள் வாயில் அது நுழையாமல் மாரி ஆகிவிட்டான். அவனுக்குத் தெரிந்த தமிழ் அக்கா, அண்ணா, போதும் என்ற மூன்று வார்த்தைதான். போதும் என்று சொன்னால் போதாது, இலைமேல் கையை விரித்து மறைக்க வேண்டும் என்பது பாவம் அவனுக்குத் தெரியாது. சாமைச் சோறு ஏறிக்கொண்டே போகும். அவனும் தின்றுகொண்டே இருப்பான்.

ஒருநாள் அவன் "அக்கா, அக்கா" என்று அவள் பின்னால் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனபோது எனக்குப் பொறி தட்டியது.

"அடியே, அக்கான்னா சும்மாவா? மடியக் காட்டச் சொல்லுடி!"

முதலில் சிரித்தாள். அப்புறம் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

அவர்களுக்கு மொழி பெயர்க்க வந்த ரஞ்சித் மாரியிடம் விளக்கினான். ஏதோ பெரிய பதவி என்று நினைத்துக்கொண்டு, மாரி காதுவரை சிவந்துபோய்த் தலையாட்டினான்.

காதுகுத்தன்று வேட்டிமேல் பெல்ட் கட்டிக்கொண்டு கோயிலுக்கு வந்தான் மாரி. சீர்த்தட்டில் வாழைப்பழம், பட்டுப்பாவாடை, கூடவே ஒரு கம்பளித் தொப்பி. மலைக்குளிருக்கென்று அவன் அம்மா பின்னிக் கொடுத்தனுப்பியதாம். மடியில் பிள்ளையை வைக்கப்போகிற நேரம், வசந்தி கையை நீட்டினாள்.

"நில்லுங்க! இவரு எங்கண்ணன அண்ணான்னுதான கூப்புட்றாரு? அப்ப கொழந்தைக்கு சித்தப்பா. மாமன் எப்படி ஆவாரு?"

நியாயமான கேள்விதான், பாழாய்ப்போனவள்! ஆசாரி ஊசியோடு நிற்கிறார். சிவசங்கரியின் முகம் சுண்டிப்போயிற்று.

ரஞ்சித் மாரியின் காதில் விஷயத்தைச் சொன்னான். மாரி சிவசங்கரியைப் பார்த்தான். நேராகச் சின்னராஜ் முன்னால் போய்க் கையெடுத்துக் கும்பிட்டான்.

"அண்ணா போதும்," என்றான். அப்புறம் கோயில் மணியே ஆடும்படி கத்தினான்: "மாமா!"

விசில் பறந்தது. வசந்தியே சிரித்துவிட்டாள். ஊசி இறங்கியபோது பூஜா கொஞ்சம்தான் அழுதாள், மாமன்காரன்தான் தேம்பித் தேம்பி அழுதான். பூஜாவின் மொட்டைத் தலைக்கு அந்தக் கம்பளித் தொப்பி மூக்குவரை இறங்கியது. யார் கழற்றினாலும் பிள்ளை கத்தினாள்.

மாரி ஊருக்குப் போய்விட்டான். போன வாரம் மறுபடி சண்டை. சிவசங்கரி பையோடு என் கடையில். சின்னராஜ் வந்தான், அதே இளிப்பு.

"இன்னாடி, பஸ்ஸ வுட்டுட்டியா?"

"எந்தம்பி வூட்டுக்குப் போறேன்."

"ஸ்காட்லாந்துக்கு எந்த பஸ்ஸுடி?"

அவள் போனை எடுத்து வீடியோ போட்டாள். கலைந்த செம்பட்டைத் தலை வந்தது. "அக்கா!" என்றது. அவள் கண் கலங்கியிருப்பதைப் பார்த்தது. பின்னால் நின்ற சின்னராஜையும் பார்த்தது. விரலை நீட்டியது.

"மாமா! போதும்!"

சின்னராஜ் வாயை மூடினான். பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டு, "வாங்க, வூட்டுக்குப் போலாம்," என்றான். கேட்டீர்களா, 'வாங்க'வாம்! சிவசங்கரி அவசரப்படவில்லை. டீயை ஊதி ஊதிக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.