ஓரமாகப் போகாதீர்கள்: ஸ்ரீரங்கத்திலிருந்து மண்ணச்சநல்லூருக்கு சைக்கிளில்

பொங்கல் லீவு முடிய நாலு நாள் இருந்தது. எங்கள் மாடியில் குடியிருக்கும் ஸ்டெல்லா அக்காவுக்கு மண்ணச்சநல்லூரில் டீச்சர் வேலை கிடைத்திருந்தது. வேலையில் பிரச்சினை இல்லை, பஸ்ஸில்தான். பஸ் ஏறினால் அக்காவுக்கு வாந்தி வரும். முந்தைய வேலையை அதனால்தான் விட்டார். இந்தத் தடவை சைக்கிள் வாங்கி, இரண்டு மாதமாக உத்திர வீதியைச் சுற்றிச் சுற்றிப் பழகியிருந்தார். அவருடைய அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: பள்ளி திறக்கும் முன் ஒரு தடவை போய்விட்டுத் திரும்பி வர வேண்டும். உடம்பில் கீறல் விழுந்தால் சைக்கிளும் வேண்டாம், வேலையும் வேண்டாம்.

துணைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். இன்ஜினியரிங்கைப் பாதியில் விட்டவன் நான். ஒரு இடத்தில் பத்து நிமிடம் உட்கார முடியாது, அதனால்தான் சைக்கிள். முசிறி, வையம்பட்டி என்று எங்கே போனாலும் தனியாகத்தான் போவேன். இன்னொருவரோடு சேர்ந்து ஓட்டியதே இல்லை. அதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். ஒரு வழிக்கு ஒன்பது கிலோமீட்டர் போல வரும். பனி இருந்ததால் பின்னால் சிவப்பு லைட் போட்டோம். சைக்கிள் கடையில் இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும், கஞ்சத்தனம் பார்க்காமல் வாங்குங்கள். கேட் வரைக்கும் வந்த அக்காவின் அம்மா சொன்னார்:

"ஓரமாவே போங்க, என்ன? தம்பி, நீ சொல்லிக்கிட்டே போ."

"ஓரமாத்தான் போவோம் ஆன்ட்டி, நீங்க உள்ள போங்க."

நம் ஊரில் சைக்கிள் எடுக்கும் எல்லோருக்கும் வீட்டில் சொல்லி அனுப்பும் ஒரே பாடம் அதுதான். நானும் அதையே திருப்பிச் சொல்லிக்கொண்டு முன்னால் ஓட்டினேன். திருவானைக்கோவில் வரை எப்படியோ பொறுத்தேன். அக்கா ஓட்டிய வேகத்துக்கு எனக்குக் கால் அரித்தது. கொள்ளிடம் பாலம் வந்ததும் காலியாகக் கிடந்த ரோட்டைப் பார்த்தேன், அவ்வளவுதான். ஒரே மிதி. பாலத்தின் அந்தப் பக்கம் போய் நின்று, பாட்டில் தண்ணீரைக் குடித்து முடித்து, செயினைத் துடைத்து, மறுபடியும் துடைத்தேன். அக்காவைக் காணோம்.

ஒருவழியாக வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"எங்கடா போன நீ? பஸ்ஸுக்காரன் உரசிக்கிட்டுப் போறான். இந்தப் பக்கம் சுவரு, சக்கரத்துக்குக் கீழ பூரா மணலு. வண்டி ஆடுது."

"ஓரமாதான வந்தீங்க?"

"ஓரமா வந்ததாலதான்டா உரசினான்! இடம் இருக்குன்னு நெனச்சுக்கிட்டு உள்ள பூந்துட்டான்."

நான் காதில் வாங்கவில்லை. கிளம்பினால் போதும் என்றிருந்தது. நம்பர் ஒன் டோல்கேட் சந்திப்பில் நாலா பக்கமும் பஸ். அக்கா இறங்கித் தள்ளிக்கொண்டு கடந்தார். நான் ஓட்டிக் கடந்தேன், ஆட்டோக்காரரிடம் திட்டு வாங்கினேன். அங்கிருந்து துறையூர் ரோடு. இது அறுவடை சமயம், அந்த ரோட்டில் ஓட்டப்போகிறவர்கள் கவனியுங்கள்: ரோட்டின் இடது ஓரத்தில் அங்கங்கே நெல் காயும். வண்டி ஏறாமல் இருக்கச் சுற்றிலும் செங்கல் வைத்திருப்பார்கள். நான் தூரத்திலேயே பார்த்து வலப்பக்கம் விலகிப் போய்விட்டேன். பின்னால் வருகிறவருக்குக் கை காட்ட வேண்டும் என்று தோன்றவே இல்லை. என் பின்னால் எப்போதும் யாரும் வந்ததில்லையே.

டமால் என்று சத்தம். திரும்பினால் அக்கா நெல் மேல் விழுந்து கிடந்தார். தார்ப்பாயை விலக்கிக்கொண்டிருந்த பெண் ஓடி வந்தார்.

"ஏம்மா, இம்புட்டு ரோடு கெடக்கு, என் நெல்லுதான் கெடச்சுதா?"

"இவன்தாங்க ஓரமா வரச் சொன்னான்."

"ஓரத்துலதான் நெல்லு கெடக்கே! ஏந்தம்பி, நீ மட்டும் நடுவுல போற?"

அவர் அக்காவைத் தூக்கிவிட்டு, தலையில் ஒட்டிய நெல்லையும் தட்டிவிட்டார். முழங்கையில் தோல் உரிந்து ரத்தம் வந்தது. கீறல்தான், ஆனால் நிபந்தனையும் அதுதானே.

"முழுக்கை போட்டுக்கிட்டா தெரியாதுக்கா," என்றேன்.

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். கையைக் கழுவினார். சிதறிய நெல்லை இருவருமாகக் கூட்டிக் கொடுத்தோம். பிறகு சைக்கிளை நிமிர்த்தினார்.

"இனிமே நான் முன்னாடி. நீ பின்னாடி வா. முந்துன, பல்லைப் பேத்துருவேன்."

பள்ளி கேட் வரை அப்படித்தான் போனோம். அரிசி ஆலைக்குப் போகும் லாரிகள் பின்னால் வந்தன. அக்கா ரோட்டின் விளிம்பிலிருந்து ஒரு கை நீளம் உள்ளே தள்ளி, ஒரே கோட்டில் ஓட்டினார். ஹாரன் எல்லாம் என் முதுகில் விழுந்தது. ஆனால் ஒரு லாரிகூட உரசவில்லை. இடம் இல்லை என்று தெரிந்ததும் காத்திருந்து, முழுசாக விலகித்தான் முந்தினார்கள். திரும்பும்போது டோல்கேட்டில் ஒரு பஸ் டிரைவர் தலையை நீட்டினார்.

"ஏம்மா, ரோடு என்ன உங்க அப்பா போட்டதா?"

"இல்லண்ணே, உங்க அப்பாவும் எங்க அப்பாவும் சேந்து போட்டது. நாலடி எனக்கு, மிச்சம் பூரா உங்களுக்கு!"

கண்டக்டர் சிரித்துவிட்டார். டிரைவரும் பாதி சிரித்தார். பாலத்தில் அந்த பஸ் எங்கள் பின்னாலேயே மெதுவாக வந்து, எதிர்ப்பக்கம் காலியான பிறகுதான் கடந்தது.

வீட்டில் அக்கா கையை மறைக்கவில்லை. உள்ளே நுழைந்ததும் நீட்டிக் காட்டினார்.

"விழுந்தேன்மா. ஏன் விழுந்தேன்னு தெரியும். இன்னொரு தடவை அதுல விழ மாட்டேன்."

நெல், பாலம், பஸ் எல்லாவற்றையும் சொன்னார். நான் பாலத்தில் விட்டுவிட்டுப் போனதையும் விடவில்லை. அவர் அம்மா கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியில் சொன்னார்:

"சைக்கிள்ல போ. இவன்கூட மட்டும் போகாத."

புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு: விளிம்பில் ஊர்ந்து போகாதீர்கள், மணலும் நெல்லும் அங்கேதான் இருக்கும். திரும்பும் முன் பின்னால் பார்த்து, கையை நீட்டிக் காட்டிவிட்டுத் திரும்புங்கள். மற்ற நேரம் இரண்டு கையும் ஹேண்டில்பாரில் இருக்கட்டும். காதில் பாட்டு வேண்டாம், தலையில் ஹெல்மெட் வேண்டும். டோல்கேட் மாதிரி இடத்தில் இறங்கித் தள்ளுவதில் கௌரவம் ஒன்றும் குறையாது. துணைக்குப் போகும் என்னைப் போன்றவர்களுக்கு: புது ஆளை முன்னால் விடுங்கள். அவர் வேகம்தான் உங்கள் வேகம். பள்ளம் தெரிந்தால் வாய் திறந்து கத்துங்கள். முடியாதென்றால் தனியாகவே போங்கள்.

பள்ளி திறந்த அன்று காலை எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. அக்காவுக்கு முன்னால் கிளம்பி, கொள்ளிடம் பாலத்தைத் தாண்டி நின்றேன். வந்தார். விளிம்பிலிருந்து ஒரு கை நீளம், பின்னால் துறையூர் பஸ். நான் கையை உயர்த்தி ஆட்டினேன். அக்கா பார்த்தார். ஹேண்டில்பாரிலிருந்து கையை எடுக்கவில்லை. நேராகப் போய்க்கொண்டே இருந்தார்.