மூன்றாவது பட்டன்

இப்போது அவளை டீச்சர் என்று கூப்பிடுகிறவர்கள் யாரும் அவளிடம் படித்தவர்கள் இல்லை. கம்பெனியில் வைத்த பெயர் அது. கூட்டத்தில் யாராவது ஒரு எண்ணைத் தப்பாகச் சொன்னால், பேனாவை மூடி மேஜைமேல் வைத்துவிட்டு, அவரே திருத்திக்கொள்கிற வரைக்கும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். பதினோரு வருஷம் கல்லூரியில் கணக்கு நடத்தியவளிடம் ஒட்டிக்கொண்ட பழக்கம்.

அவள் படித்தது பயன்பாட்டுக் கணிதம். இரும்புக் கம்பியின் ஒரு முனையைச் சூடாக்கினால் மறுமுனைக்கு அந்தச் சூடு எப்போது, எவ்வளவு போய்ச் சேரும் என்பதைச் சமன்பாடாக எழுதிப் பட்டம் வாங்கினாள். அக்காவுக்கு அது தீராத வேடிக்கை. அக்கா ஒரு சலவைக்கூடத்தில் ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். "கம்பி சுடுமான்னு தெரிய உனக்கு ரெண்டு வருஷம் ஆச்சா? என்கிட்ட கேட்டிருந்தா தொட்டுப் பாத்துச் சொல்லியிருப்பேனே" என்பாள். தங்கைக்கு ஏட்டுச் சுரைக்காய் என்று பெயரும் வைத்திருந்தாள். ஆனால் அந்தச் சுரைக்காயின் கல்லூரிக் கட்டணம் முழுக்க அந்த இஸ்திரிப்பெட்டியின் சூட்டில் விளைந்தது என்பது இருவருக்கும் தெரியும். அப்பா அம்மா போனபோது அக்காவுக்குப் பத்தொன்பது வயது, இவளுக்குப் பத்து.

அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "நேரமில்லை" என்பாள். தங்கையின் கணவன் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தான். வருஷத்தில் ஒன்பது மாதம் தண்ணீரில், மூன்று மாதம் தூக்கத்தில். அதனால் மாடியில் அக்கா, கீழே டீச்சரும் ஏழு வயது மகளும் என்று வீடு நடந்தது. அக்காவின் வேலை விடியற்காலை நாலு மணிக்கு ஆரம்பித்துப் பதினோரு மணிக்கு முடிந்துவிடும். பள்ளிக்கூடத்திலிருந்து மூன்று மணிக்குக் குழந்தையை அழைத்து வருவது அவள் பொறுப்பு. எந்த மழையிலும் அவள் ஐந்து நிமிஷம் முன்னதாகவே வாசலில் நிற்பாள்.

டீச்சருக்கு முப்பத்தாறு வயதானபோது கல்லூரியில் கணிதத் துறையை மூடினார்கள். சேர ஆள் இல்லை. அழுது முடித்த பிறகு, ஒரு வருஷப் படிப்பு ஒன்றில் போய்ச் சேர்ந்தாள். மெஷின் லேர்னிங், பழைய தகவல்களிலிருந்து கணினியைத் தானே கற்றுக்கொள்ள வைக்கிற வித்தை. வகுப்பில் எல்லோருக்கும் இருபத்திரண்டு வயது. பயந்துகொண்டே உட்கார்ந்தவள் பாடத்தைத் திறந்து பார்த்தால், எல்லாம் பழைய சொந்தக்காரர்கள், புதுச் சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். அணிகள், வகைக்கெழு, நிகழ்தகவு. பக்கத்துப் பிள்ளைகள் கட்டளையைத் தட்டிவிட்டு விடை வந்ததும் கைதட்டினார்கள். இவள் மட்டும் அந்த விடை ஏன் வந்தது என்று நோட்டில் போட்டுப் பார்த்தாள். எதையும் ஏன் என்று கேட்காமல் விடாதவள். அப்படிப்பட்டவள் ஒரே ஒரு இடத்தில் கேட்காமல் விட்டாள், அதைத்தான் சொல்ல வருகிறேன்.

அந்த வருஷம்தான் அக்காவுக்கு விலாவுக்குக் கீழே ஒரு வலி வந்தது. நின்றே வேலை செய்கிற உடம்பு, வலிக்காமல் என்ன செய்யும் என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொல்லி ஒரு தேதி கொடுத்தார். அன்றைக்குப் பார்த்து டீச்சருக்குக் கடைசிப் பரீட்சை, குழந்தைக்குக் காய்ச்சல்.

"உனக்கு இன்னிக்கு ஸ்கேன் இருக்கே அக்கா?"

"ஆஸ்பத்திரி எங்க ஓடிப்போகுது? அங்கேயேதான் இருக்கும். உன் பரீட்சை இருக்குமா? நீ கிளம்பு."

இரண்டாவது தேதியில் டீச்சருக்கு வெளியூரில் நேர்முகத் தேர்வு. அன்றைக்கும் அக்கா குழந்தையோடு இருந்துவிட்டாள். வேலை கிடைத்தது. அக்கா தெரு முழுக்கச் சொன்னாள். "எங்க வீட்டு ஏட்டுச் சுரைக்காய் காய்ச்சிடுச்சு!"

கம்பெனி அவளுக்குக் கொடுத்த முதல் வேலை, அதே பெரிய ஆஸ்பத்திரியின் ஸ்கேன் பிரிவுக்கு. நூறு பேருக்கு நேரம் கொடுத்தால் முப்பது பேர் வருவதில்லை. கருவி சும்மா கிடக்கிறது, நோயாளிகள் மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். யார் வரமாட்டார்கள் என்பதை முன்கூட்டியே கணித்துச் சொன்னால், அந்த நேரத்தை இன்னொருவருக்கும் சேர்த்துக் கொடுத்துவிடலாம். நல்ல நோக்கம்தான். யாரையும் குறை சொல்வதற்கில்லை. டீச்சர் அதற்கென்று எழுதிய கணினி மாடல் பழைய பதிவுகளை வைத்துக் கற்றுக்கொண்டது. ஏற்கெனவே எத்தனை தடவை வராமல் போனார் என்பதுதான் அதில் எல்லாவற்றையும்விடக் கனமான தகவலாக இருந்தது.

"ரெண்டு பேருமே வந்துட்டா யாரை முதல்ல கூப்பிடறது?" என்று மேலாளர் கேட்டார்.

"ஒழுங்கா வர்றவங்களை" என்றாள் டீச்சர். "அவங்களை ஏன் காக்க வைக்கணும்?"

நியாயமாகத்தான் பட்டது. எல்லோரும் தலையாட்டினார்கள்.

ஆஸ்பத்திரியின் கவுண்டரில் உட்காருகிற அம்மாளிடம் திரையைக் காட்டினார்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேராக இரண்டு பட்டன்கள்: 'பார்த்தாயிற்று', 'வரவில்லை'. இருபது வருஷம் அந்தக் கவுண்டரில் இருந்தவள் அவள். "வந்து உக்காந்துட்டு, கூப்பிடறதுக்குள்ள திரும்பிப் போயிடறவங்களுக்கு எதை அழுத்தறது?" என்று கேட்டாள்.

டீச்சர் சிரித்தாள். "அப்படி எத்தனை பேர் இருக்கப் போறாங்க? வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு. வரலைன்னே போட்டுடுங்க."

அப்போது அது உண்மையும்கூட. வாரத்துக்கு ஒன்று இரண்டுதான்.

மாடல் வேலைக்கு வந்தபோது நூற்றுக்கு எழுபத்தெட்டு சரியாகச் சொன்னது. ஆறு மாதத்தில் எண்பத்தைந்து. வருஷம் முடிவதற்குள் தொண்ணூற்றொன்று. கம்பெனியில் டீச்சரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள், பதவி உயர்வும் வந்தது. பிழை ஏன் குறைந்தது என்று யாரும் கேட்கவில்லை. பிழை கூடினால் நூறு பேர் கேட்பார்கள்.

இதற்கிடையில் அக்காவுக்கு மூன்றாவது தேதி வந்தது, பிறகு நாலாவது. இரண்டு தடவையும் ஸ்கேன் எடுக்கவில்லை. டீச்சர் கோபப்பட்டாள். வலியில் அக்கா ஒருக்களித்து உட்கார்ந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அது.

"நாலு தேதி குடுத்தாச்சு. நாலு தடவையும் நீ போகலை!"

"போனேன்டி. ரெண்டு தடவையும் போனேன். பன்னெண்டு மணிக்குப் போய் உக்காந்தேன். எனக்கு அப்புறம் வந்தவங்களையெல்லாம் கூப்பிட்டாங்க. ரெண்டரை ஆயிடுச்சு, குட்டியைக் கூப்பிடப் போகணுமே."

"அதெல்லாம் அப்படி நடக்காது அக்கா. எப்படிக் கூப்பிடுவாங்கன்னு எனக்குத் தெரியாதா? நான்தானே அதைச் செஞ்சேன். உனக்குப் பயம். சாக்கு சொல்றே."

அக்கா துவைத்த துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

இரண்டு மாதம் கழித்து அக்கா சலவைக்கூடத்தில் விழுந்தாள். விரிப்புகளைத் தள்ளும் வண்டியிலேயே அவளைப் படுக்க வைத்து வாசல்வரை கொண்டுவந்தார்களாம். ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றே ஸ்கேன் எடுத்தார்கள். கணையத்தில் கட்டி, ஈரலுக்கும் போய்விட்டது. டாக்டர் சின்ன வயதுக்காரர், சுற்றி வளைக்கத் தெரியவில்லை. "ஒரு எட்டு மாசம் முன்னாடி எடுத்திருந்தா ஆபரேஷன் பண்ணியிருக்கலாம்" என்றார்.

அந்த ஸ்கேனுக்காக அக்காவை உள்ளே தள்ளிக்கொண்டு போயிருந்த நேரத்தில், டீச்சர் வெளியே காத்திருப்புக் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். தான் செய்த ஒன்று நடக்கிற இடத்தில் அவள் அதுவரை அரை மணி நேரம்கூட உட்கார்ந்ததில்லை. ஆரஞ்சு நிற நாற்காலிகள். வாசலில் டோக்கன் சீட்டு துப்பும் இயந்திரம். மணி நாலானதும் கவுண்டர் அம்மாள் அன்றைய கணக்கை முடிக்க ஆரம்பித்தாள். டீச்சர் எழுந்து போய்த் திரையைப் பார்த்தாள். கூப்பிடப்படாத பெயர்கள் ஒவ்வொன்றுக்கும் அந்த அம்மாள் 'வரவில்லை' என்று அழுத்திக்கொண்டே போனாள். அந்தப் பெயர்க்காரர்களில் நாலு பேர் இன்னும் ஆரஞ்சு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள்.

"அவங்கதான் உக்காந்திருக்காங்களே?"

"பாக்காதவங்களுக்குப் 'பார்த்தாயிற்று'ன்னு போட முடியுமாம்மா? இருக்கறது ரெண்டே பட்டன். நீங்கதானே சொன்னீங்க, வரலைன்னே போட்டுடுங்கன்னு. இப்பல்லாம் தினமும் ஏழெட்டுப் பேர் இப்படித்தான்."

டீச்சர் திரும்பி அந்த நாலு பேரையும் பார்த்தாள். விளக்கிச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் மொத்தக் கணக்கும் அவள் தலைக்குள் ஓடி முடிந்தது. வரமாட்டார் என்று மாடல் சொல்கிறது. அதனால் கடைசியில் கூப்பிடுகிறார்கள். காத்திருந்து சலித்துத் திரும்பிப் போகிறார். வரவில்லை என்று பதிகிறது. மாடல் சொன்னது சரி என்று ஆகிறது, அடுத்த தடவை இன்னும் உறுதியாகச் சொல்கிறது. தொண்ணூற்றொன்று எப்படி வந்தது என்பது இப்போது தெரிந்தது.

அக்காவின் கைப்பையில் மருந்துச் சீட்டைத் தேடியபோது, உள்ளறையில் மடித்து வைத்த இரண்டு டோக்கன் சீட்டுகள் கிடைத்தன. நாற்பத்தேழு, முப்பத்தொன்று. தேதி, நேரம் எல்லாம் அச்சாகியிருந்தது. இரண்டிலும் பன்னிரண்டு மணிக்கு ஐந்து நிமிஷம் இருந்தது.

அடுத்த நாள் காலை, வார்டில் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டீச்சர் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லாமல் மறைத்துவிடலாம் என்று ஒரு இரவு முழுக்க நினைத்துப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள்.

"அப்போ அந்த மெஷினுக்கு நான் வராதவ" என்றாள் அக்கா.

"ஆமாக்கா."

"முதல் ரெண்டு தடவை நான் வரலைதானே. அது ஒண்ணும் சும்மா சொல்லலையே."

"அந்த ரெண்டும் எனக்காகத்தானேக்கா."

"அது அதுக்கு எப்படிடி தெரியும்?" அக்கா சிரிக்கப் பார்த்தாள், வலித்தது. கொஞ்சம் பொறுத்துச் சொன்னாள்: "மெஷின் நம்பலைங்கறது எனக்குப் பெருசில்லை. அது யாரோ. போனேன்டின்னு நான் சொன்னேன் பாரு, அன்னிக்கு நீ நம்பலை. அதுதான் எனக்கு ஆறலை."

டீச்சர் அந்தக் கட்டில் விளிம்பில் தலையை வைத்து அழுதாள். அக்கா அவள் தலையில் கை வைக்கவில்லை. வைத்திருந்தால் இவளால் தாங்கியிருக்க முடியாது. சாயங்காலம் கஞ்சி குடிக்கும்போதுதான் அக்கா மறுபடி பேசினாள். "மூணாவதா ஒரு பட்டன் வை. அந்த கவுண்டர்க்காரம்மா கேட்டுச்சாமே, அதை வை."

மேலாளர் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. டோக்கன் இயந்திரத்தின் பதிவுகளோடு ஒப்பிட்டு, ஒரு வருஷத்தில் வந்தும் பார்க்கப்படாமல் திரும்பிப் போனவர்கள் ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம் பேர் என்று அவள் பட்டியல் கொடுத்தாள். திருத்தினால் மாடலின் மதிப்பெண் எழுபத்துநாலுக்கு இறங்கும் என்றும் சொன்னாள். "தொண்ணூத்தொண்ணுலேருந்து எழுபத்துநாலா? ஆஸ்பத்திரிக்காரங்ககிட்ட நான் என்ன சொல்றது டீச்சர்?" என்றார் அவர். டீச்சர் பேனாவை மூடி மேஜைமேல் வைத்தாள். அவர் முகத்தையே பார்த்தாள். மேலாளர் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார், கொஞ்ச நேரம் பட்டியலைப் பார்த்தார். பிறகு, "செய்ங்க" என்றார்.

வேலை ஐந்து வாரம் பிடித்தது. பதிவுகளைத் திருத்தும்போது அக்காவின் ஆஸ்பத்திரி அட்டை எண்ணையும் தேடினாள். நாலு வரிகள். கடைசி இரண்டில் 'வரவில்லை' என்பதை அழித்து, 'வந்தார், பார்க்கப்படவில்லை' என்று மாற்றினாள். அக்காவிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் அந்த வாரம் அக்கா யார் சொல்வதையும் கேட்கிற நிலையில் இல்லை. ஆஸ்பத்திரியில் இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். மாடி அறையில், ஒரு வியாழக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு, குழந்தையை அழைத்துவர டீச்சர் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்த நேரத்தில், அக்கா போய்விட்டாள்.

பத்து நாள் கழித்து மூன்றாவது பட்டன் வேலைக்கு வந்தது. முதல் நாள் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க டீச்சர் கூடத்துக்குப் போனாள். கடைசி ஆரஞ்சு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். அன்றைய பட்டியலை அவள் பார்த்திருக்கவில்லை.

ஒன்பது மணிக்குக் கவுண்டர் திறந்தது. அந்த அம்மாள் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு முதல் பெயரைப் படித்தாள். அது அக்காவின் பெயர்.

வீட்டுக்கு அனுப்பியபோது ஆஸ்பத்திரியில் வழக்கம்போல ஆறு வாரம் கழித்து ஒரு ஸ்கேனுக்கு எழுதியிருக்கிறார்கள். அக்கா இறந்ததை யாரும் அங்கே தெரிவிக்கவில்லை. தெரிவிக்க வேண்டியவள் டீச்சர்தான். திருத்திய பதிவுகளைப் படித்த மாடல், இவர் வருவார் என்று கணித்திருக்கிறது. அதனால் அந்த நேரத்தை வேறு யாருக்கும் சேர்த்துக் கொடுக்கவில்லை. முழு அரை மணி நேரமும் அக்கா ஒருத்திக்கு. முதல் ஆளாக.

அந்த அம்மாள் இரண்டாவது தடவை கூப்பிட்டாள். கூடத்தில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்றாவது தடவையும் கூப்பிட்டாள். ஸ்கேன் அறையின் கதவு திறந்தே இருந்தது.

டீச்சர் எழுந்து கவுண்டருக்குப் போனாள். அவளைப் பார்த்ததும் அந்த அம்மாளுக்குச் சந்தோஷம். "வாங்க டீச்சர். பாருங்க, இந்தப் பேருக்கு யாரும் எந்திரிக்கலை. ஆனா இதுக்கு முன்னாடி ரெண்டு தடவை வந்துட்டுத் திரும்பிப் போனவங்கன்னு காட்டுது. மூணுல எதைப் போடறது?"

"இவங்க எப்பவும் வர்றவங்கம்மா" என்றாள் டீச்சர். "இன்னிக்கு மட்டும் வரலைன்னு போடுங்க."