வளைவில் எங்கே பார்ப்பது

துணி ஆலையில் அவள் பெயரைச் சொல்லி விசாரித்தால் எல்லோரும் முழிப்பார்கள். "பூதக்கண்ணாடி எங்கே?" என்று கேட்டால் வாசல் காவலாளியே கூட்டிக்கொண்டு போய் விட்டுவிடுவார். அவளுக்குச் சோதனைப் பிரிவில் வேலை. சாய்வான கண்ணாடி மேஜை, அதற்கு அடியில் பளீரென்று விளக்கு, மேலே நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும் துணி. அறுந்த இழை, எண்ணெய்க் கறை, முடிச்சு, சாயம் திட்டுத் திட்டாக ஏறிய இடம், எது வந்தாலும் அவள் கண் கப்பென்று பிடித்துவிடும். பிடித்த இடத்துக்கு நேராக ஓரத்தில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவாள். விருந்துக்குப் போனாலும் எதிரே நிற்பவரின் சட்டையில் பொத்தான் இல்லாததுதான் முதலில் அவளுக்குத் தெரியும், முகம் அப்புறம்தான். சொந்தக்காரர்களிடம் இதனால் கொஞ்சம் கெட்ட பெயரும் உண்டு.

அவளிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. கியர் போட்டு ஓட்டுகிற, கனமான, பழைய வண்டி. அவள் கணவன் சலூன் வைத்திருக்கிறான். அவனுக்கு சைக்கிள்கூட ஓட்ட வராது. தினமும் காலையில் அவனைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போய் சலூன் வாசலில் இறக்கிவிட்டு அவள் ஆலைக்குப் போவாள். தெருவில் நாலு பேர் சிரிக்கத்தான் செய்தார்கள். "எனக்கு டிரைவர் வச்சிருக்கேன், உங்களுக்கு வசதி இல்லேன்னா நான் என்ன பண்றது?" என்று அவன் அவர்கள் வாயை அடைத்துவிடுவான்.

எல்லாம் ஒரு வளைவில் கெட்டது. குடோன்களுக்குப் பின்னால் ரோடு இடது பக்கம் மடங்குகிற இடம். ஏதோ லாரி மணலைச் சிந்திவிட்டுப் போயிருந்தது. பின்னாலிருந்து அவன், "பார்த்து! மணல்! பார்த்து!" என்று கத்தினான். அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். மறு நொடி இரண்டு பேரும் தரையில் கிடந்தார்கள். அவளுக்கு முழங்கை சிராய்ப்போடு போயிற்று. அவனுக்குத் தோள் எலும்பு முறிந்தது, அதுவும் வலது பக்கம். கையைத் தூக்க முடியாத முடிதிருத்துபவன் கடையைத் திறந்து வைத்து என்ன செய்வான்? சலூன் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தது.

எலும்பு கூடியது, கடை திறந்தது, கத்தரிக்கோல் பழையபடி பேச ஆரம்பித்தது. ஆனால் அவன் வண்டியில் மட்டும் ஏறவில்லை. நேராகச் சொல்கிற ஆளா அவன்? ஒரு நாள், "பஸ்ல போனா நாலு பேர் தலையைப் பார்க்கலாம், யாருக்கு முடி வளர்ந்திருக்குன்னு தெரிஞ்சுக்கலாம்" என்பான். இன்னொரு நாள், "நீ போ தாயே, எனக்கு நடந்தாத்தான் பசிக்குது" என்பான். அவள் சரி என்று தலையாட்டிவிட்டு, காலியான பின் சீட்டோடு கிளம்புவாள். கட்டியவனுக்கே தன் மேல் நம்பிக்கை போய்விட்டதே என்ற எண்ணம் அவளை அரித்து எடுத்தது. அவன் ஒரே ஒரு நாள் பழையபடி பின்னால் ஏறி உட்கார வேண்டும், அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். அதைக் கெஞ்சிக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. தான் ஏன் விழுந்தோம் என்றே தெரியாதவள் எந்த முகத்தோடு ஏறு என்று கூப்பிடுவாள்?

காரணம் சொல்ல ஆளுக்குப் பஞ்சமே இல்லை. டயர் தேய்ந்துவிட்டது என்றார் மெக்கானிக். வேகம் என்றான் கொழுந்தன், அவன் வண்டியே ஓட்டுவதில்லை. "எல்லாம் கண்ணுதான், ஜோடியாப் போறதைப் பார்த்து எவ கண்ணோ பட்டுடுச்சு" என்றாள் மாமியார். இவளுக்கு ஒன்றும் ஒப்பவில்லை. ஒரு நாள் வண்டியை நிறுத்திவிட்டு அந்த வளைவில் இறங்கியே நடந்து பார்த்தாள். மணல் கிடந்த இடம் ஒரு போர்வை அகலம்தான். மிச்ச ரோடு முழுக்கச் சுத்தம். இவ்வளவு ரோடு சும்மா கிடக்க, நான் ஏன் குறி வைத்த மாதிரி அந்தப் போர்வைக்குள்ளேயே போனேன்? இந்தக் கேள்வி அவளைப் பிடித்துக்கொண்டது. சோறு கிண்டும்போது அது, துணி ஓடும்போது அது.

ஆலை எலக்ட்ரீஷியன்தான் ஒரு வழி சொன்னான். ஊருக்கு வெளியே பந்தய ஓடுபாதை ஒன்று இருக்கிறது, விடுமுறை நாட்களில் அங்கே வளைவில் வண்டி ஓட்டக் கற்றுத் தருகிறார்கள் என்றான்.

"வளைவுக்குன்னே தனியா ஸ்கூலா?" என்று கேட்டாள் அவள்.

"நேரா ஓட்டத்தான் எல்லாருக்கும் தெரியுமே அக்கா!"

போனாள். வாடகைக்குக் கொடுத்த தோல் உடுப்புக்குள் நுழையவே பெரும் பாடாகிவிட்டது. மூச்சை இழுத்துப் பிடித்து ஜிப்பை ஏற்றியதும் முட்டியை மடக்க முடியவில்லை. கூட வந்தவர்கள் எல்லாம் மீசை அரும்பிய பையன்கள், பளபளவென்று பந்தய வண்டிகள். அவர்களுக்கு நடுவே டிபன் பெட்டி மாட்டுகிற கொக்கியோடு இவளுடைய வண்டி நின்றது. கற்றுத் தருகிறவள் ஒரு சின்னப் பெண், ஆள் குள்ளம், குரல் மட்டும் ஆலைச் சங்கு.

முதல் பாடத்திலேயே அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வலது பக்கம் திரும்ப வேண்டுமென்றால் வலது கைப்பிடியை முன்னால் தள்ள வேண்டுமாம்.

"தள்ளினா சக்கரம் இடது பக்கமில்ல திரும்பும்?"

"ஆமா. ஒரு கண நேரம் திரும்பும். உடனே வண்டி வலது பக்கம் சாயும். சாய்ஞ்சா வளையும்."

"அது எப்படி?"

பயிற்சிக்காரி சாக்பீஸால் தரையில் வரைந்து காட்டினாள். இவள் மறுபடி கேட்டாள். பையன்கள் பெருமூச்சு விட்டார்கள். இவள் விடுவாளா? மூன்றாவது முறையும் கேட்டுப் புரிந்துகொண்டுதான் எழுந்தாள். இத்தனை வருஷமாகத் தன் கை தன்னைக் கேட்காமலே இப்படித்தான் தள்ளியிருக்கிறது, தனக்குத்தான் சேதி வரவில்லை என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

பிறகு ஒவ்வொருவராக வளைவைச் சுற்றி வந்தார்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும், உள்ளே பிரேக்கைத் தொடக் கூடாது, வெளியே போகிற வழி தெரிந்ததும் ஆக்சிலேட்டரை மெல்ல முறுக்க வேண்டும். எல்லோரும் சுற்றி முடித்ததும் பயிற்சிக்காரி ஒரு கேள்வி கேட்டாள்.

"பாதையில என்னெல்லாம் கிடந்துச்சு?"

பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒன்றும் கிடக்கவில்லை என்றான் ஒருவன்.

"ஒரு கறுப்புக் கையுறை" என்று ஆரம்பித்தாள் இவள். "அப்புறம் ஒரு நட்டு. தார் ஒட்டுப் போட்ட இடம் மூணு. நடுவுல ஒரு விரிசல், அதுல புல் முளைச்சிருக்கு. ஒரு காக்கா இறகு."

"அக்கா, நீங்க வண்டி ஓட்ட வந்தீங்களா, ரோடு சர்வே எடுக்க வந்தீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள், அவளும்தான் சிரித்தாள். பயிற்சிக்காரி போய் அந்தக் கையுறையை எடுத்து வந்து காட்டினாள். அதன் நடுவே டயர் தடம் ஒன்று அச்சுக் குத்தியது போல் பதிந்திருந்தது. இவள் வண்டித் தடம்.

"அதை நான்தான் போட்டு வச்சேன். பார்க்காதவங்க யாரும் அது மேல ஏத்தல. பார்த்த நீங்க மட்டும் ஏத்தியிருக்கீங்க. கண்ணு எங்கே நிக்குதோ வண்டி அங்கேதான் போகும் அக்கா. அதனாலதான் எங்க பாதையில யாரும் யாரையும் 'பார்த்து'ன்னு கத்தக் கூடாதுன்னு வச்சிருக்கோம். பார்த்துன்னா எதைப் பார்ப்பாங்க? பயப்படுற சாமானைத்தான் பார்ப்பாங்க."

அடக் கடவுளே! மாமியார் சொன்னது சரிதான், கண்தான் பட்டிருக்கிறது, ஆனால் அது சொந்தக் கண். அவளுக்கு ஏதோ பூட்டு திறந்துகொண்டது மாதிரி இருந்தது.

தெரிந்துவிட்டால் போதுமா? மதியம் முழுக்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். நட்டைப் பார்க்காதே என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வாள், கண் நட்டிலேயே போய் ஆணி அடித்து உட்கார்ந்துகொள்ளும். பிழையைப் பார்ப்பதற்கென்றே சம்பளம் வாங்கிய கண்ணை இன்று மட்டும் பார்க்காதே என்றால் அது கேட்குமா? சலித்துப் போய் நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். அப்போதுதான் ஆலையின் சோதனை மேஜை ஞாபகம் வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கறையைக் கண்டுபிடித்த பெருமையில் அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். அதற்குள் அடுத்த துணி ஓடிவிடும், அதில் இருக்கிற ஓட்டை தப்பிவிடும். "ஒட்டினியா? விடு. அடுத்ததைப் பாரு" என்று பிரிவுத் தலைவி திட்டித் திட்டியே அந்தப் பழக்கத்தை ஒழித்தாள். பார்க்காமல் இருக்க வேண்டாம். பார்த்து, ஒட்டி, விட்டுவிட வேண்டும்.

அடுத்த சுற்றில் நட்டு கண்ணில் பட்டதும் தலைக்கவசத்துக்குள் உரக்கவே, "ஒட்டியாச்சு" என்றாள். கண்ணைத் தூக்கி வளைவு முடிகிற இடத்தில் வைத்தாள். வண்டி சாய்ந்தது, வழுக்கிக்கொண்டு போனது போல வளைந்தது, வெளியே வந்தது. நட்டு எங்கேயோ ஒரு பக்கம் கிடந்தது. பந்தயக்காரர்களைப் போல முட்டி தரையில் உரசியது என்று எழுத எனக்கும் ஆசைதான், உரசவில்லை. ஆனாலும் அன்று சாயங்காலம் வரை அவள் "ஒட்டியாச்சு, ஒட்டியாச்சு" என்று கத்திக்கொண்டு சுற்றியதைப் பார்த்து, அக்காவுக்கு வெயில் ஏறிவிட்டது என்று பையன்கள் பேசிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கணவனிடம் கொட்டினாள். "என்னங்க, ஏன் விழுந்தோம்னு கண்டுபிடிச்சிட்டேன்! பார்த்துன்னு சொன்னா கண்ணு அங்கே போகுமாம், கண்ணு போன இடத்துக்கு வண்டி போகுமாம்!"

அவன் துண்டை மடித்துக்கொண்டிருந்தான். கை நின்றுவிட்டது. "அப்ப நான் கத்தினதாலதான் விழுந்தோமா?" என்று கேட்டான். வழக்கமான கிண்டல் ஒன்றும் அந்தக் குரலில் இல்லை.

சந்தோஷத்தில் என்ன பேசிவிட்டோம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். "இல்லங்க. நீங்க வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடியே மணலை நான் பார்த்துட்டேன். எனக்குத் தெரியாம ஒரு தூசி இருக்குமா? நீங்க ஊமையா உட்கார்ந்திருந்தாலும் அங்கேதான் போயிருப்பேன்." அது பொய் இல்லை. அவன் நம்பினானா என்று தெரியவில்லை. சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொண்டான்.

அதன் பிறகு அவள் அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. வேலை முடிந்ததும் ஆலையின் லாரி நிறுத்தும் இடத்தில் காலி நூல்கண்டுகளை வரிசையாக நிறுத்தி வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பழகினாள். வீட்டில் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி நடக்கும்போதுகூட, கால் மேஜையருகில் இருக்க, தலை மட்டும் அடுக்களை வாசலுக்குத் திரும்பியிருக்கும். "கழுத்து சுளுக்கிடுச்சா?" என்று மாமியார் தைலத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். கணவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

ஒரு விடுமுறை நாள் அவள் பழகிக்கொண்டிருந்த லாரி நிறுத்தும் இடத்துக்கு அவனும் வந்தான். சும்மா இந்தப் பக்கம் வந்தேன் என்றான். அந்தப் பக்கம் யாரும் சும்மா வர மாட்டார்கள். சுவரோரமாக ஒரு மரப்பெட்டி மேல் உட்கார்ந்து, அவள் சுற்றுவதை வெகு நேரம் கவனித்தான். அவள் நிறுத்தித் தலைக்கவசத்தைக் கழற்றியதும் கேட்டான்.

"ஓட்டுறவ வெளிய போற வழியைப் பார்க்கணும். சரி. பின்னாடி உட்கார்றவன் எதைப் பார்க்கணும்?"

அவளுக்குத் தெரியவில்லை. யாரும் சொல்லித் தரவில்லை, அவளும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டோமே என்று தன் மேலேயே கோபம் வந்தது. அங்கேயே நின்று பயிற்சிக்காரிக்கு போன் போட்டாள். சங்குக் குரல் போனைத் தாண்டி அவனுக்கே கேட்டது. "திரும்புற பக்கத்துல ஓட்டுறவங்க தோளுக்கு மேல எட்டிப் பார்க்கச் சொல்லுங்க அக்கா. அவங்க பார்க்கிற இடத்தையே இவரும் பார்க்கணும். மத்தது தானா நடக்கும்."

அவன் வண்டியை ஒரு முறை சுற்றி வந்தான். பின் சீட்டின் தூசியைக் கையால் தட்டினான். தட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தான். அவளுக்கு வாயைத் திறக்கவே பயமாக இருந்தது. ஒரு வார்த்தை பேசினால்கூட இறங்கிவிடுவானோ என்று பேசாமல் கிளம்பினாள்.

குடோன்களுக்குப் பின்னால் அதே ரோடு. இன்றும் ஏதோ லாரி சிந்திவிட்டுத்தான் போயிருந்தது. மணலை அவள் பார்த்தாள், மனசுக்குள் ஒட்டினாள், விட்டாள். கண்ணை ரோடு நிமிர்கிற இடத்துக்குக் கொண்டு போனாள். இடது கைப்பிடியை மெல்லத் தள்ளினாள். வண்டி சாய்ந்தது. இடுப்பில் அவன் பிடி இறுகியது. பின்னாலிருந்து சத்தமே இல்லை. மணல் அது பாட்டுக்கு வலது பக்கம் கிடந்து பின்னால் போயிற்று, ரோடு நிமிர்ந்தது.

கொஞ்ச தூரம் போய் ஓரமாக நிறுத்தினாள். அவனுக்குத் தோள் வலிக்கிறதோ, பயந்துவிட்டானோ, இனிமேல் பஸ்தானோ என்று அவள் மனசு கணக்குப் போட்டது. திரும்பிப் பார்க்காமலே, "என்னங்க?" என்றாள்.

"வளைவு போயிடுச்சா?"

"போயிடுச்சே. நீங்க பார்க்கலையா?"

"எங்க பார்த்தேன்! பயத்துல கண்ணை இறுக்கி மூடிக்கிட்டேன்" என்றான் அவன். "திருப்பு வண்டியை. மறுபடி போகலாம், நான் பார்க்கணும்."