சாரம் இறக்கிய காலை

அவர் பேராலயத்தில் இருபத்தெட்டு வருஷமாகத் தச்சு வேலை பார்க்கிறார். ஆனால் அவர் செய்தது என்று காட்ட அங்கே ஒன்றுகூடக் கிடையாது. கல்லால் வளைவு கட்ட வேண்டுமென்றால் முதலில் அதே வடிவில் மரத்தால் ஒரு சாரம் வேண்டும். அதன் முதுகில் கல்லை அடுக்கி, சுண்ணாம்பு இறுகியதும் மரத்தைக் கழற்றி எடுத்துவிடுவார்கள். தூணின் தலையில் முறைக்கும் சிங்கத்தையும், மூக்குடைந்த தேவதையையும், வண்ணக் கண்ணாடி ஜன்னலையும் அண்ணாந்து பார்க்கிறவர்கள் யாரும் தச்சரைப் பற்றி விசாரித்ததில்லை. கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'தற்காலிகம்'. தற்காலிகம் வந்தாச்சா, தற்காலிகம் டீ குடிச்சாச்சா என்று கேட்பார்கள். அவரும் சிரித்து வைப்பார். உள்ளுக்குள் கொஞ்சம் சுடும்தான்.

அன்று காலை அவருக்குச் சிரிப்பு வரவில்லை. விரிசல் விட்டிருந்த பழைய வளைவு ஒன்றைப் பிரித்துப் புதிதாகக் கட்டியிருந்தார்கள். அதன் சாரத்தை இறக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பெரிய மனிதர்கள் பார்க்க வருகிறார்கள் என்று பொறியாளர் தேதி குறித்துவிட்டார். சாரம் இறங்கும்போது, கல்லை வைத்த கொத்தனார் வளைவுக்கு நேர் கீழே நிற்க வேண்டும். கடைசி ஆப்பு கழன்று விழும்வரை நகரக் கூடாது. இது அவர்களுக்குள் இருந்த வழக்கம். நகர்ந்தவனை அப்புறம் யாரும் அங்கே கல்லைத் தொட விடமாட்டார்கள்.

இன்றைக்கு நிற்க வேண்டியவர் தச்சரின் தங்கை புருஷன். இருவரும் பேசி ஆறு வருஷம் ஆகிறது. மணிக்கூண்டில் தச்சர் போட்ட சாரப் பலகை முறிந்து விழுந்ததில் கொத்தனாரின் இடது கால் ஊனமாகிவிட்டது. உளுத்துப்போன மரம் என்றார் அவர். அளவுக்கு மீறிக் கல்லை ஏற்றினால் எந்த மரம்தான் தாங்கும் என்றார் இவர். வார்த்தை தடித்து, முகத்திலேயே முழிப்பதில்லை என்று முடிந்தது. நடுவில் கிடந்து அல்லாடியது தங்கைதான்.

பேராலய வாசலில் அவள் நின்றிருந்தாள்.

"அண்ணா, கீழ நிக்கிறது அவரு."

"ஏன், எனக்குக் கண்ணு தெரியாதா?"

"கோபத்தை மேல தூக்கிட்டுப் போயிடாதே. அவ்வளவுதான் சொல்லுவேன்."

அவர் சுத்தியலோடு ஏணியில் ஏறினார். கீழே இருபது பேர் சுவரோரமாக ஒதுங்கி நின்றார்கள். கொத்தனார் விந்தி விந்தி நடுவுக்கு வந்து நின்றார். மேலே பார்க்கவில்லை.

சாரத்தின் கால்கள் தூணின் தலை உயரத்தில் போட்ட உத்தரத்தில் நின்றன; ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒரு ஜோடி ஆப்பு. அவற்றைத் தட்டித் தட்டி நழுவவிட்டால் மரம் மயிரிழை மயிரிழையாக இறங்கும். கல் தன் பாரத்தைத் தானே பிடித்துக்கொண்டுவிட்டால், மரத்துக்கும் கல்லுக்கும் நடுவில் ஒரு காகிதம் நுழைய இடம் விழும். இந்தப் பக்கம் தட்டி, பலகை மேல் நடந்து போய் அந்தப் பக்கமும் தட்டினார். காகிதத்தை நுழைத்துப் பார்த்தார். போகவில்லை. இரண்டாம் சுற்றிலும் போகவில்லை. மூன்றாம் சுற்றிலும் போகவில்லை. கல்லும் மரத்தோடு சேர்ந்து இறங்கிக்கொண்டிருந்தது.

கல் இடுக்கை நகத்தால் சுரண்டினார். சுண்ணாம்பு ஈரமாக விரலில் ஒட்டியது. இரண்டு வாரமாக மழை விடவில்லை, பிறகு எங்கே காயும்?

நிறுத்தினால் என்ன பேசுவார்கள் என்று அவருக்குத் தெரியும். பழைய பகையை மனசில் வைத்து, நிறைந்த சபையில் மாப்பிள்ளையின் வேலையைக் குறை சொல்லி அவமானப்படுத்திவிட்டான் என்பார்கள். கொத்தனாரும் அப்படித்தான் நினைப்பார். அப்புறம் தங்கை வீட்டு வாசலை இந்த ஜென்மத்தில் மிதிக்க முடியாது. இன்னும் ஒரே ஒரு தட்டு தட்டிப் பார்க்கலாமே என்று ஒரு நிமிஷம் அவருக்குத் தோன்றியதும் உண்மை. குனிந்து பார்த்தார். வழுக்கை விழுந்த தலை ஒன்று கீழே ஆடாமல் அசையாமல் நின்றது. அதன் மேல் மணலாக ஏதோ உதிர்ந்தது. அப்போதும் அந்த மனுஷன் நகரவில்லை.

தச்சர் ஆப்பைத் திருப்பி அடித்தார். ஓங்கி, உள்ளே போகும்படி.

சத்தம் மாறியதுமே எல்லோருக்கும் புரிந்துவிட்டது. "என்னய்யா பண்றே?" என்று பொறியாளர் கத்தினார்.

"ஈரம் காயல. இன்னும் பத்து நாள் ஆகணும்."

"கொத்தனாரே சும்மா நிக்கிறாரு, இவருக்கு என்ன வந்துச்சு?" என்றது சுவரோரத்திலிருந்து ஒரு குரல். "ஆறு வருஷப் புகைச்சல்ப்பா" என்றது இன்னொன்று.

காது கேட்காதவர் போல இரண்டு பக்கமும் மாறி மாறி அடித்து, எல்லா ஆப்பையும் இறுக்கிவிட்டு இறங்கினார். கொத்தனார் தோளில் விழுந்திருந்த தூசியைத் தட்டிக்கொண்டு நின்றார். தச்சர் நேராக அவரிடம் போய்ச் சுண்ணாம்பு ஒட்டிய விரலை நீட்டினார்.

"பாருங்க மாப்பிள்ளை. வேணும்னு பண்ணல. கல்லு இறங்கிடுச்சு."

"தெரியும்" என்றார் கொத்தனார், அவருக்கு மட்டும் கேட்கிற குரலில். "போன வாரமே பொறியாளர்கிட்ட சொன்னேன். காதுல வாங்கிக்கல."

தச்சருக்குத் தலைக்கு மேல் கோபம் வந்தது. "தெரிஞ்சுமா வந்து நின்னீங்க? பைத்தியமா உங்களுக்கு? செத்திருப்பீங்களே!"

"சுத்தியல் உங்க கையில இருந்துச்சே, மச்சான்."