முனியக்காவின் மூட்டையை அவிழ்த்தவருக்கு

நேற்று காலை நம் ஊர் வாட்ஸ்அப் குழுவில், காய்கறி வண்டி வந்த செய்திக்கும் கரண்ட் போன செய்திக்கும் நடுவே அது வந்தது. முடிக்கார முனியக்கா திருப்பதியில் இறந்துவிட்டார். முதலில் கைகூப்பியவர் வனஜா அத்தை. ‘பாவம், தங்கமான மனுஷி’ என்றும் எழுதியிருந்தார். அந்தத் தங்கத்தைப் பற்றித்தான் நானும் எழுதுகிறேன். அத்தையின் வீட்டுக்காரர்தான் குழுவின் அட்மின். அவர் அழிப்பதற்குள் படித்துவிடுங்கள்.

சின்னவர்களுக்குச் சொல்கிறேன். தலையில் எவர்சில்வர் கூடை, தோளில் மூட்டை என்று வீடு வீடாக வருவார் முனியக்கா. சீவும்போது உதிர்ந்த முடியைச் சேர்த்துக் கொடுத்தால் டம்ளரோ தட்டோ தருவார். ஒருமுறை எங்கள் எருமையின் வால்முடியைச் சுருட்டிக் கொடுத்தேன். விரலால் நிமிண்டிப் பார்த்தார்.

“இந்தத் தலைக்காரிய வரச்சொல்லு கண்ணு. தட்டு அவகிட்டதான் குடுப்பேன்.”

“அவ புல்லு துன்னுக்கினு கீறாக்கா.”

“அப்போ தட்டு எதுக்கு? தொட்டி தர்றேன், எட்த்துக்கினு போ.”

குறும்பில் நான் தோற்ற ஒரே ஆள் அவர்தான்.

போன வருஷம் கோயில் ஜாத்திரைச் சமயத்தில் அத்தையின் சங்கிலி காணாமல் போனது. அன்று காலையில் அந்த வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்த ஒரே குற்றத்துக்காக, முனியக்காவைத் தெருவில் நிறுத்தி, “திருடி!” என்று கத்தி, மூட்டையை அவிழ்த்துக் கொட்டினார் அத்தை. ஊரார் முடியெல்லாம் காற்றில் பறந்தது.

“நல்லாத் தேடும்மா. ஆனா கெடைக்கலன்னா, இப்போ கத்தின மாதிரியே அதையும் கத்திச் சொல்லணும்” என்றார் முனியக்கா.

கிடைக்கவில்லை. அத்தை கத்தவும் இல்லை, கதவைச் சாத்திக்கொண்டார். வேலியில் சிக்கிய முடியை முனியக்காவும் நானும் பொறுக்கினோம்.

“அழாதக்கா.”

“நான் எங்க அழறேன்? கண்ணுல உங்க ஊரு முடி வுழுந்துச்சி.”

உங்களில் பலருக்குத் தெரியாததை இப்போது சொல்கிறேன். அடுத்த வாரம் ரிப்பேருக்கு வந்தவர், அத்தை வீட்டு வாஷிங் மெஷினுக்குள்ளிருந்து அந்தச் சங்கிலியை எடுத்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

“அத்த, இப்போ கத்துங்க.”

“வாய மூடுடி! அவளுக்கு என்னா, வேற ஊரே இல்லியா?”

வேறு ஊர் இல்லாமல்தான் போனது. ‘திருடி’ என்ற சொல் பஸ் ஏறாமலே அவருக்கு முன்னால் எல்லா ஊருக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. சங்கிலி கிடைத்த செய்தியை முனியக்காவிடம் போனில் சொன்னேன். “கெடச்சிடுச்சா? நல்லது. விடு கண்ணு” என்றார்.

அவர் விட்டார். நான் விடவில்லை. செத்தவர் பேரைச் சொல்லிப் பழி வாங்காதே என்கிறார் அம்மா. போட்ட பழியை முதலில் அத்தை எடுக்கட்டும்.

நாளை மறுநாள் காரியத்துக்கு அத்தை மாலையோடு திருப்பதி போகிறாராம். போகட்டும். மாலை போடும் முன், முனியக்காவின் மகளுக்கு எதிரே நின்று, அன்று கத்திய அதே குரலில் உண்மையைச் சொல்லட்டும். முனியக்கா படாமல் விட்டுப்போன கோபம் முழுவதும் இப்போது என்னிடம் இருக்கிறது. அதே பஸ்ஸில் நானும் வருகிறேன், அத்தை.