யாரும் நிற்காத பஸ் கம்பம்

எனக்குப் பொறுமை போதாது. அம்மா இதைச் சில நாள் பெருமையாகச் சொல்வார், பல நாள் தலையில் அடித்துக்கொண்டு சொல்வார். அப்படிப்பட்ட நான் மூன்று வாரம் ஒரு சாக்கடை ஓரத்தில், கம்பத்தடியில், கொசுக்கடியோடு நின்றேன் என்றால் அதற்குத் தக்க காரணம் இருந்திருக்க வேண்டும். காரணம், காலை ஆறு மணி பஸ்.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்த புதிது அது. மலாக்காவில் காஜா பெராங்கில் நாங்கள் வாடகை வீட்டில் இருந்தோம்: அம்மா, இரண்டு தம்பிகள், நான். செங் என்ற ஊரைத் தாண்டி வடக்கே ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் எனக்கு ஆசிரியை வேலை. தற்காலிக வேலைதான், ஓராண்டு ஒழுங்காக முடித்தால் நிரந்தரமாக்குவார்கள். ஆறு மணி பஸ்ஸில் ஏறி, தோட்ட முச்சந்தியில் இறங்கி, ரப்பர் மரங்களுக்கு நடுவே வேகமாக நடந்தால் பள்ளி மணி அடிப்பதற்குள் போய்விடலாம். அடுத்த பஸ்ஸில் போனால் முதல் பாடம் முடிந்திருக்கும். பஸ் பழுதாகி நான் ஒருமுறை தாமதமாகப் போனபோதே, இன்னொரு தடவை இப்படி நடந்தால் அறிக்கையில் எழுதிவிடுவேன் என்று தலைமையாசிரியர் சொல்லியிருந்தார். வீட்டில் சம்பாதிப்பவள் நான் ஒருத்திதான்.

எங்கள் தெருவில் பஸ் ஏறுவதற்கு ஒரு வழக்கம் இருந்தது. கறுப்பும் வெள்ளையும் பூசிய பஸ் கம்பம் ஒன்று உண்டு. கூரையும் இல்லாமல் விளக்கும் இல்லாமல் பெரிய சாக்கடையின் விளிம்பில் அதை நட்டிருந்தார்கள். அங்கே ஒருவரும் நிற்பதில்லை. நான் மளிகைக்கடை அஞ்சடியில், கடைக்கு முன்னால் கூரை போட்ட நடைபாதையில், நிற்பேன். கடைக்காரர் தமிழ் முஸ்லிம். விடியுமுன்பே கடையைத் திறந்து, விளக்கை மாட்டி, எனக்கென்று ஒரு முக்காலியும் எடுத்துப் போடுவார். மரவாடியில் வேலை செய்யும் ஆண்கள் சீனர் கோப்பிக்கடையில் கடைசி மடக்கு வரைக்கும் உட்கார்ந்திருப்பார்கள். தெருக்கோடியில் பலகாரக் கூடையோடு, மக்சிக் என்று மலாயில் நாங்கள் அழைக்கும் பெரியம்மா தன் வீட்டு வாசலில் காத்திருப்பார்.

மக்சிக் மலாக்காச் சிட்டி இனத்தவர், பல தலைமுறைக்கு முன் இங்கே குடியேறிய தமிழர் வழி வந்தவர். கோயிலில் எங்களோடு சேர்ந்து சாமி கும்பிடுவார், நெற்றி நிறைய விபூதி பூசுவார், வாய் திறந்தால் மலாய்தான் வரும். செங் முச்சந்தியில் இருக்கும் கடைகளுக்குப் பலகாரம் கொண்டு போவார். வலது முட்டி எப்போதும் வீங்கியிருக்கும்.

பஸ் டிரைவர் தமிழர். யார் எங்கே நிற்பார்கள் என்பது அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஒவ்வோர் இடத்திலும் ஒரு ஹார்ன் அடித்து நிறுத்துவார். விதிப்படி கம்பத்தில் மட்டும்தான் நிறுத்த வேண்டும் என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். யாரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை.

ஒரு வாரம், மூன்று நாள் தொடர்ந்து, காகிதமும் பென்சிலுமாக ஓர் ஆள் விடியற்காலையில் அந்தக் கம்பத்தடியில் வந்து நின்றார். கம்பத்தடியை மட்டும் பார்த்தபடி ஆறே கால் வரை நின்றுவிட்டுப் போவார். நாங்கள் அஞ்சடியிலிருந்து வேடிக்கை பார்த்தோம். சாக்கடைத் தவளைகளைக் கணக்கெடுக்க வந்திருக்கிறார் போல என்று நான்தான் கிண்டல் செய்தேன். கடைக்காரர் சிரித்தார். அந்த ஆளிடம் போய், என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இன்று நினைத்தாலும் என்மீதே எனக்குக் கோபம் வருகிறது.

அடுத்த மாதம் கடைச் சுவரில் அறிவிப்பு ஒட்டினார்கள். பஸ், ரயில் சேவைகளைச் சீர்செய்வது பற்றிப் பொதுமக்களின் கருத்தைக் கேட்க ஞாயிற்றுக்கிழமை பள்ளி மண்டபத்தில் கூட்டம் நடக்கும். அதன் கீழே சின்ன எழுத்தில் இன்னொரு செய்தி: காஜா பெராங்கில் ஏறுவதற்கு ஆள் இல்லாததால் காலை ஆறு மணி பஸ்ஸை நிறுத்த உத்தேசம். அந்த வரியை இரண்டு தடவை படித்தேன்.

கூட்டத்துக்கு அரை மணி முன்பே போய் உட்கார்ந்தேன். மேசைக்குப் பின்னால் மூன்று அதிகாரிகள். தலைவர் ஆங்கிலத்தில் பேச, ஒரு குமாஸ்தா தமிழிலும் மலாயிலும் மாற்றிச் சொன்னார். முதல் ஒரு மணி நேரம் முழுக்க ரயில்தான். ஓய்வு பெற்ற ரயில்வேக்காரர் ஒருவர் எழுந்து, சண்டைக்கு முன்னால் மலாக்காவிலிருந்து தம்பின் வரைக்கும் ரயில் ஓடியதையும், ஜப்பான்காரன் தண்டவாளத்தைப் பெயர்த்து சயாமுக்கு ஏற்றிப் போனதையும் சொன்னார். அது எனக்குத் தெரியாத கதை அல்ல. என் அப்பா அந்தப் பாதையில் வேலை செய்தவர். தண்டவாளம் போன அதே சயாமுக்கு, ரயில்பாதை போட அவரையும் கொண்டு போனார்கள். தண்டவாளமும் திரும்பவில்லை, அவரும் திரும்பவில்லை. மண்டபத்தில் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நானும் துடைத்துக்கொண்டேன். ஆனால் கடிகாரத்தைப் பார்த்தேன். ரயிலுக்காக அழுது முடிப்பதற்குள் கூட்டத்தையே முடித்துவிடுவார்கள் என்று பயம் வந்தது. கையைத் தூக்காமலே எழுந்துவிட்டேன்.

“ரயில் எனக்கும் வேணும் சார். எங்கப்பா வேலை பார்த்த பாதை அது. ஆனா திங்கக்கிழமை காலையில நான் ஏறப் போறது பஸ்ஸு. அதை நிறுத்திட்டீங்கன்னா என் வேலை போயிரும்.”

குமாஸ்தா மொழிபெயர்த்தார். தலைவர் ஒரு தாளைத் தூக்கிக் காட்டினார். மூன்று நாள் காலையில் ஆள் வைத்துப் பார்த்தோம், அந்தக் கம்பத்தில் ஒரு மனிதர்கூட நிற்கவில்லையே, ஏன் என்று கேட்டார்.

பதில் நாக்கு நுனியில் இருந்தது. அப்போது கடைசி வரிசையில் எங்கள் டிரைவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். அவருக்கு நான்கு பிள்ளைகள். கண்ட இடத்தில் நிறுத்துகிறார் என்று நான் சொன்னால் பஸ் பிழைக்கும், ஆனால் அவர் வீட்டு அடுப்பு அணையும். மக்சிக்கும் கடைக்காரரும் கோப்பிக்கடை ஆட்களும் தரையைப் பார்த்தார்கள். சொல்ல வந்ததை விழுங்கினேன். என் வாழ்க்கையில் அப்படி நடந்த தடவைகள் குறைவு.

“மறுபடியும் எண்ணிப் பாருங்க சார். எந்த நாளுன்னு எங்களுக்குச் சொல்ல வேணாம்.”

தலைவர் மற்ற இருவரோடும் குசுகுசுத்துவிட்டு, ஒரு மாதத்துக்குள் ஒரு நாள் ஆள் வருவார் என்றார்.

வாசலில் டிரைவர் என்னிடம் வந்தார். “காப்பாத்திட்டே தங்கச்சி. ஆனா நாளையிலேருந்து கம்பத்துலதான் நிறுத்துவேன். வேற எங்கயும் நிறுத்த மாட்டேன்” என்றார். ஹார்ன்கூட அடிக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

அன்று மாலையே வீடு வீடாகப் போனேன். மரவாடி ஆண்கள் முணுமுணுத்தார்கள். கோப்பியைச் சீக்கிரம் குடித்தால் வயிறு வெந்துவிடாது என்றேன். கடைசியாக மக்சிக் வீட்டுக்குப் போனேன். கம்பத்திலிருந்து மிகத் தூரத்தில் இருப்பது அவர் வீடுதான். அந்த முட்டியைப் பார்த்ததும் வந்த வேலையைச் சொல்ல வாய் வரவில்லை. அவரே சொன்னார்: “காக்கி சாக்கிட். தாப்பி போலே.” கால் வலிக்கிறது, ஆனால் முடியும். மறுநாள் நான் கம்பத்தடிக்குப் போனபோது எனக்கு முன்னால் அவர் நின்றுகொண்டிருந்தார்.

இப்படித் தொடங்கியது. சாக்கடை நாற்றம், கொசு, இருட்டு. கடைக்காரர் தன் விளக்கைக் கொண்டுவந்து கம்பத்தில் கட்டினார். முதல் வாரம் எல்லாரும் வந்தார்கள். இரண்டாம் வாரம், எண்ணுகிற ஆளைக் காணோமே, நம்மை ஏமாற்றுகிறார்கள் என்று மரவாடி ஆண்கள் கோப்பிக்கடைக்கே திரும்பிவிட்டார்கள். நான் உள்ளே போய் அவர்கள் மேசைக்கு முன்னால் நின்றேன். ஒன்றும் பேசவில்லை. கோப்பியைப் பாதியில் வைத்துவிட்டு ஒவ்வொருவராக எழுந்தார்கள். பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்ட வித்தை அது.

மூன்றாம் வாரம் ஒரு நாள் விடியற்காலையில் மழை ஊற்றியது. சாக்கடை நிரம்பி ரோட்டுக்கு வந்துவிட்டது. இன்றைக்கு யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டே குடையோடு போனேன். எல்லாரும் இருந்தார்கள். மக்சிக் மெழுகுத்துணியைக் கூடைக்குப் போர்த்திவிட்டுத் தான் நனைந்துகொண்டிருந்தார். எதிர்ப்பக்கத்தில் மழைக்கோட்டுப் போட்ட ஓர் ஆள் நின்றார். அதே ஆள்தான். எங்களை ஒரு தடவை எண்ணினார், நம்பாமல் இன்னொரு தடவை எண்ணினார்.

கடிதம் கடைக்காரர் முகவரிக்கு வந்தது. அஞ்சடியில் நின்று நான்தான் படித்துச் சொன்னேன். ஆறு மணி பஸ் தொடர்ந்து ஓடும். ஆண்கள் கைதட்டினார்கள். எனக்கு அழுகை வந்தது, மறைக்கவும் இல்லை. கடிதத்தில் இன்னும் இரண்டு வரிகள் இருந்தன. அந்த நிறுத்தம் நன்றாகப் பயன்படுவதால், இனிமேல் பஸ் அங்கே மட்டுமே நிற்கும். அதைக் கவனிக்கப் பரிசோதகர்கள் ஏறுவார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று மக்சிக் மலாயில் கேட்டார். முதல் பாதியை மட்டும் சொன்னேன்.

அந்த வெட்கம் எனக்கு நெடுநாள் இருந்தது. நான் கேட்ட பஸ் எனக்குக் கிடைத்தது. ஆண்டு முடிவில் வேலையும் நிரந்தரமானது. மக்சிக் தன் வாசலில் நின்ற பஸ்ஸை எனக்காக இழந்தார். வழியில் கூடையையாவது வாங்கித் தூக்கிக்கொள்ளலாம் என்று எத்தனையோ நாள் சீக்கிரம் கிளம்பி அவர் வீட்டுக்குப் போனேன். எப்போது போனாலும் கதவு பூட்டியிருக்கும். அவர் ஏற்கெனவே கம்பத்தடியில் நின்று, எனக்கொரு இலைப் பொட்டலத்தை நீட்டுவார். வலிக்கிறதா என்றால் இல்லை என்பார்.

அடுத்த கூட்டத்துக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போய் முதல் வரிசையில் உட்கார்ந்தேன். அதே தலைவர். என்னைப் பார்த்ததும், டீச்சர் கேட்ட பஸ்தான் கிடைத்துவிட்டதே என்றார்.

“கிடைச்சுது சார். நன்றி. இப்ப நான் கேக்க வந்தது எனக்கில்ல, இவங்களுக்கு. இவங்க வாசல்ல இன்னொரு கம்பம் வேணும்.”

ஒருவருக்காகக் கம்பம் நட முடியாது என்றார். ஒருவர் இல்லை, எல்லாருமே அங்கே ஏறுவோம் என்றேன். எனக்குப் பின்னால் மரவாடி ஆண்கள் எழுந்து நின்றார்கள். நான் அவர்களிடம் ஒன்றும் சொல்லி வைக்கவில்லை. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சரி, நாளையிலிருந்து இரண்டு வாரம் பஸ்ஸை அங்கேயும் நிறுத்திப் பார்க்கலாம், எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று எண்ணச் சொல்கிறேன் என்றார். தாராளமாக எண்ணுங்கள் என்றேன். கடைசி வரிசையில் டிரைவர் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார்.

குமாஸ்தா பேசியது மக்சிக்கின் காதில் சரியாக விழவில்லை. என் முழங்கையைத் தொட்டு, என்ன முடிவானது என்று மெதுவாகக் கேட்டார். நாளைக் காலையில் பஸ் உங்கள் வாசலுக்கு வரும், நாங்களும் அங்கே வந்துவிடுவோம் என்று, இந்தத் தடவை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

அவர் வலது முட்டியைத் தடவிக்கொண்டார். பிறகு, அப்படியென்றால் நாளைக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கலாம் என்றார்.