கட்டியவரும் குடியிருப்பவரும்

ஒரே நாட்டார் கதையைப் பலர் சொல்லக் கேட்டு, எங்கே மாறுகிறது என்று பார்ப்பது என் தொழில். பணி ஓய்வு நெருங்கிக் கம்பெனிக் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டிய சக துன்பத்தாரே, வீடு கட்ட நல்ல கட்டுநரைத் தேர்ந்தெடுக்கவும் இதே முறைதான்.

பால் பூத் வரிசை

இக்கதையை முதலில் சொன்னவர் எங்கள் பழைய பிளாக்கில் வசிக்கும் மைன்ஸ் எலக்ட்ரீஷியன் கந்தசாமி. கேட்டது போன வருடத்துத் தை மாதம். வடலூரில் அவருக்கு வீடு கட்டித் தந்த தேவராஜ், குறித்த முகூர்த்தத்தில் சாவியைக் கொடுத்துவிட்டாராம். சேகர் என்ற இன்னொரு கட்டுநரோ சண்டைக்காரர். அவரிடம் மட்டும் போய்விடாதீர்கள் என்றார். வரிசையில் நின்ற மற்றவர்களும் அதையே சொன்னார்கள், ஏறத்தாழ அதே சொற்களில். பலர் சொல்லும் கதை எழுத்துப் பிசகாமல் ஒத்துப்போனால், எல்லாரும் ஒருவரிடமே கேட்டிருக்கிறார்கள் என்பது என் அனுபவம். ஆகவே, மழைக்காலத்தில் அந்த வீடு எப்படி இருக்கிறது என்று கந்தசாமியைக் கேட்டேன்.

"மழையா? நான் இங்க குவார்ட்டர்ஸ்ல இருக்கேன் மேடம், அது அங்கதானே பெய்யுது!"

வடலூர், முதல் வீடு

நம் டவுன்ஷிப்பின் வழக்கம் அதுதான்: வீட்டை வெளியே கட்டி வாடகைக்கு விட்டுவிட்டு, ஓய்வு பெறும்வரை குவார்ட்டர்ஸில் இருப்போம். குழாய் ஒழுகினால் புகார் எழுதினால் போதும், ஆள் வந்துவிடும். சொந்த வீட்டின் குணம் நமக்கு எப்படித் தெரியும்? கந்தசாமியின் வீட்டில் குடியிருக்கும் இட்லிக்கடை செல்வியைப் பார்க்கப் போனேன். கூடத்துக் கூரையில் பழுப்புக் கறை. அதன் நேர்கீழே ஓர் அலுமினியக் குண்டான், வெயில் நாளிலும்.

"வூட்டுக்காரரு வாசல்லயே நின்னு வாடகைய வாங்கிக்கினு போயிடுவாருங்க, குண்டான் வெச்சிக்கினு முழிச்சிக்கினு கெடக்கறது நாங்க."

இரண்டாம் வீடு

சேகர் கட்டியது அடுத்த தெருவில் இருந்தது. அங்கே குடியிருந்த பேருந்து ஓட்டுநர், நான் கேட்பதற்கு முன்பே சுவரைத் தட்டிக் காட்டினார். ஒரே ஒரு குறைதான் உண்டென்றார்.

"படம் மாட்டலாம்னு அடிச்சேங்க, ஆணிதான் வளைஞ்சுது."

தேதி

சேகரிடம் கொடுக்க என் கணவருக்கு மட்டும் தயக்கம் தீரவில்லை. அவர் ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸ் சாவியை ஒப்படைத்தாக வேண்டும். அதற்குள் முடித்துத் தருவதாகத் தேவராஜ் சத்தியம் செய்யத் தயார். கணவர் சேகரை நேரில் அழைத்து அதே வாக்கைக் கேட்டார். சேகர் காபியைக் கீழே வைத்தார்.

"கான்கிரீட்டு உங்க ரிட்டயர்மென்ட பாத்துக்கினு தண்ணி குடிக்காது சார், அவசரம்னா தேவராஜுகிட்டயே குடுத்துடுங்க."

கணவர் என்னைப் பார்த்தார். நான் சேகருக்கு இன்னொரு காபி கொண்டுவந்தேன்.

பாடபேதம்

சேகர் சொன்னபடியே வீடு தாமதமானது. மந்தாரக்குப்பத்தில் ஒரு வாடகை வீட்டில், பிரிக்காத பெட்டிகளுக்கு நடுவே சில மாதங்கள் இருந்தோம். இந்த ஐப்பசி மழையைச் சொந்த வீட்டுக்குள் நின்று கேட்டோம். கூரை ஒரு சொட்டும் விடவில்லை.

ஆனால் பால் பூத்தில் வழங்கும் எங்கள் கதை மந்தாரக்குப்பத்தோடு நின்றுவிடுகிறது என்றும், அதன் முடிவு "படிச்ச மேடம், சண்டைக்காரன்கிட்ட மாட்டித் தெருவுக்கு வந்துட்டாங்க" என்பது என்றும் அறிந்து, அந்த வடிவத்தையும் முறைப்படி எழுதி நனையாத அலமாரியில் வைத்திருக்கிறேன்.